மூடியைத் திறந்ததும் வரும் வாடை

1990களின் நடுவில் மதுரை சிம்மக்கல்லில், ஒரு சந்துக்குள் இருந்த சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் எந்த வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக்தான். ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, இன்னொரு பக்கம் பிழிகிற தொட்டி. அதை யாரும் கொல்லைப்புறத்தில் வைக்கவில்லை. ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், பூப்போட்ட பிளாஸ்டிக் உறை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். துவைக்கிற அன்று இரண்டு பேர் சேர்ந்து பாத்ரூம் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். வேலை முடிந்ததும் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்து, உறையை இழுத்துவிட்டு, மறுபடி ஹாலுக்கு. தொட்டிக்கு அடியில் நின்ற தண்ணீரும் அதோடு சேர்ந்து ஹாலுக்கு வந்துவிடும்.

மோட்டார் சுற்றவில்லை, பெல்ட் அறுந்துவிட்டது, தண்ணீர் ஒழுகுகிறது என்றுதான் எங்களுக்கு ஆள் வரும். வாடை அடிக்கிறது என்று அந்த நாளில் யாரும் தனியாகப் புகார் சொன்னதில்லை. மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகிக்கொண்டார்கள். கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் தொடங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்னால் மூடியைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி ஒரு மூச்சு இழுப்பார். அப்புறம் என்னை இழுக்கச் சொல்வார்.

"என்ன வாடைடா தம்பி?"

"கெட்ட வாடைண்ணே."

"கெட்ட வாடைன்னு ஒண்ணு கிடையாது. என்னது கெட்டுப்போன வாடைன்னு சொல்லு."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது இந்தக் கேள்விதான் என்று இன்றைக்கும் சொல்வேன். வயரிங் படத்தைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளலாம். வாடையைப் பிரித்துப் பார்க்க, பல வீட்டு மெஷினுக்குள் தலையை விட வேண்டும்.

நரிமேட்டில் ஒரு கூட்டுக் குடும்பம். புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று எண்ணெய்க் குளியல் தவறாத வீடு. வெள்ளை வேட்டியை எடுத்தால் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருக்கிறது, மெஷினில் துரு ஏறிவிட்டதா பார் என்று கூப்பிட்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் அடித்தது காறல் வாடை. நாள்பட்ட எண்ணெய்ச் சட்டியில் வருமே, அதே வாடை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அடியில் சுற்றுகிற பல்சேட்டரின் நடு ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கினோம். அதன் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறப் பிசின். முடியும் பஞ்சும் சோப்புத் தூளும் அதில் புதைந்து, விரலால் வழித்தால் நூல் நூலாக வந்தது. வேட்டியில் ஒட்டிய கறுப்புப் பொட்டு இதிலிருந்து பிய்ந்து போனதுதான்.

நல்லெண்ணெய் பச்சைத் தண்ணீரில் சுலபமாகப் போகாது. எண்ணெய் துடைத்த துண்டும், எண்ணெய்த் தலை பட்ட தலையணை உறையும் நேராக மெஷினுக்குள் போனால், துணியை விட்ட எண்ணெயில் ஒரு பங்கு தொட்டிச் சுவரில் படிகிறது. வாரா வாரம் அதன்மேல் இன்னொரு பூச்சு. காற்றுப் பட்டுப் பட்டு அது காறிப்போகிறது, கெட்டிப்படுகிறது, பசையாகிறது. அந்த வீட்டுப் பாட்டிக்கு இது பிடிபடவில்லை.

"நான் சீயக்காய் போட்டுத்தானப்பா குளிக்கிறேன். மெஷினுக்குள்ள எண்ணெய் எப்படிப் போகும்?"

அண்ணன் அவரிடம் பதில் பேசவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பாட்டி அதை மோந்து பார்த்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய்த் துணிக்கு என்று தனி வாளி வந்தது. வெந்நீரில் சோப்புத் தூள் கரைத்து ஊற வைத்து, கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து, அலசின பிறகுதான் மெஷின். வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பல்சேட்டரைத் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு இருந்தது, பிசின் இல்லை.

அண்ணா நகரில் ஒரு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துக்கு நித்தம் காட்டன் புடவைதான், பாதிக்கு மேல் சுங்குடி. மொடமொடவென்று கஞ்சி போட்டுக் கட்டுவார். அந்தக் கஞ்சியையும் மெஷினிலேயே ஊற்றி ஒரு சுற்று விட்டால் எல்லாப் புடவைக்கும் ஒரே சீராகப் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சீராகப் பிடித்ததும் உண்மைதான். ஆனால் தொட்டிக்கும் அதன் வெளிச்சுவருக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில், வடித்த கஞ்சி தங்கிப் புளித்துக்கொண்டிருந்தது. நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்தை விட என்ன வேண்டும்? மூடியைத் திறந்ததும் பழைய நீராகாரத்தின் வாடை வந்தது. நான் முதல் மூச்சிலேயே "கஞ்சிண்ணே" என்றேன். அண்ணன் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு கிடைத்ததில் எனக்கு இருந்த பெருமையை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். கஞ்சியை அண்டாவில் போடுங்கள், பிழிவதற்கு மட்டும் மெஷின், பிழிந்த பிறகு வெறும் தண்ணீரில் ஒரு சுற்று என்று சொல்லிவிட்டு வந்தோம்.

எலி வாடை தனி. கீழ்ப்பக்கம் திறந்திருக்கிற மெஷினுக்குள் எலி ஏறிவிடும். வயரைக் கடிக்கும், குட்டி போடும், சில சமயம் செத்தும் கிடக்கும். இரும்பு வலை ஒன்றை அடியில் அடித்துவிட்டால் தீர்ந்தது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இவை எல்லாவற்றையும் விட அதிகமாக நான் கண்டது ஈரத் துணி வாடைதான். காய்ந்த பிறகும் துணியை விட்டுப் போகாத அந்த மக்கல் வாடை. ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் எல்லா வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். 2012-இல் அது ஊர் முழுக்க இருந்தது. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத வருடம் அது. துணி போட்டு, தண்ணீர் நிறைந்து, சுற்றத் தொடங்கியதும் கரண்ட் போய்விடும். மேல்மூடி மெஷின் என்றால் துணியை அள்ளி வெளியே போடலாம். முன்கதவு மெஷினில் கதவே திறக்காது. அழுக்கும் சோப்பும் தண்ணீரும் சேர்ந்து மூடின டிரம்முக்குள், மதுரை வெயிலில், மணிக்கணக்காக ஊறும். கரண்ட் வந்ததும் மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடி முடித்துவிடும். துணி துவைத்த கணக்குதான், ஆனால் வாடை போகாது. இன்னும் கொஞ்சம் சோப்பு, இன்னும் கொஞ்சம் மணத் திரவம் என்று ஊற்றுவார்கள். இரண்டு நாள் மல்லிகை மணக்கும். வேர்வை பட்டதும் அடியிலிருந்து பழைய வாடை எழும்பி வரும்.

அது ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. வெயிலில் காயப் போட்ட துணிதானே, எல்லாம் செத்திருக்க வேண்டாமா? பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே 2012-இல் இந்த வாடையைத் தேடிப் போய் ஒரு ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா, துணியில் மிச்சமிருக்கும் வேர்வை, எண்ணெய்ப் பசை இவற்றிலிருந்து 4-மெத்தில்-3-ஹெக்செனோயிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்குகிறது. ஈரத் துணி வாடைக்கு முக்கியக் காரணம் அதுதான். அந்தப் பாக்டீரியா காய்வதையும், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரையும் கூட நன்றாகத் தாங்குகிறதாம். மறுபடி ஈரம் பட்டால் மறுபடி வேலையைத் தொடங்கும். அதைப் படித்த அன்று, வாடிக்கையாளர்கள் பொய் சொல்லவில்லை, வெயிலும் பொய் சொல்லவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது.

துணியில் வாழ்வது மெஷினிலும் வாழும். ரப்பர் மடிப்பு, சோப்புத் தட்டின் அடிப்பக்கம், வடிகுழாய், வெளித்தொட்டியின் சுவர் என்று ஈரம் காயாத இடமெல்லாம் வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். தொட்டால் கொழகொழவென்று இருக்கும் அந்தப் படலத்துக்குள் இருக்கிற கிருமியைப் பச்சைத் தண்ணீரும் சோப்பும் அசைப்பது கடினம். 60 டிகிரி வெந்நீர் வேண்டும். மின்சாரம் மிச்சம், சாயம் போகாது என்று எல்லாத் துணியையும் எந்நாளும் பச்சைத் தண்ணீரில், அரை மணி நேரச் சுற்றில் துவைக்கிற வீடுகளில் இந்தப் படலம் ஆற அமர வளரும். சுங்குடிக்குப் பச்சைத் தண்ணீர்தான் சரி. துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடை இவற்றை வாரத்தில் ஒரு நாளாவது சூடான தண்ணீரில் துவைத்தால் துணிக்கும் நல்லது, மெஷினுக்கும் அதுவே குளியல். ஹீட்டர் இல்லாத மேல்மூடி மெஷின்காரர்களுக்கு நான் சொல்வது, கீசரிலிருந்து கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள் என்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் தொட்டி தாங்காது.

முன்கதவு மெஷின்கள் மதுரையில் பெருகிய பிறகு எங்கள் வேலையே மாறியது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட்டின் கீழ் மடிப்பை விரலால் விலக்கிக் காட்டினால் வீட்டுக்காரர்கள் பதறிப்போவார்கள். தினமும் பார்க்கிற கதவுதான், ஆனால் அந்த மடிப்பை யாரும் விலக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே ஒரு கை தண்ணீர், முடி, பனியன் நூல், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம் கரைந்த களி, குங்குமச் சிவப்பு, காதுத் தோட்டின் திருகு. ரப்பரில் கறுப்புப் புள்ளிகள். அது பூஞ்சணம். புதிதாகப் பிடித்ததைத் துடைத்தால் போய்விடும். ரப்பருக்குள்ளேயே ஊறிப்போனது முழுக்கப் போகாது, கேஸ்கெட்டை மாற்ற வேண்டியதுதான். மடிப்பின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். பஞ்சு அடைத்தால் தண்ணீர் நிற்கும். அந்தத் துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டுத்தான் நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

அடுத்த வேலை கீழே இருக்கிற டிரெயின் ஃபில்டர். மெஷினின் கால்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதற்குள் திருகி எடுக்கிற ஒரு பிளாஸ்டிக் மூடி. மெஷின் வாங்கியதிலிருந்து அதைத் திறக்காத வீடுகளே அதிகம். தாம்பாளத்தை அடியில் வைத்து, மெதுவாகத் திருகினால் முதலில் கறுப்புத் தண்ணீர் வரும், அப்புறம் சாமான்கள் வரும். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள், ஊக்கு, ஹேர்பின், சட்டைப் பொத்தான், பேனா மூடி, பஸ் டிக்கெட் கூழ். எல்லிஸ் நகரில் ஒரு வீட்டில் தங்க மூக்குத்தி வந்தது. வேலைக்காரப் பெண் மேல் சந்தேகப்பட்டு நிறுத்தியிருந்தார்களாம். அந்த அம்மா மூக்குத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே அந்தப் பெண் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசினதாகப் பிறகு சொன்னார்கள். ஃபில்டரை மாதம் ஒரு முறை திறங்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்வதற்கு வாடை மட்டும் காரணம் இல்லை.

இனி தண்ணீர். மதுரையில் துணிக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. வில்லாபுரம், திருநகர் பக்கம் நான் வேலை பார்த்த வீடுகளில் குழாய் முனையிலேயே வெள்ளையாக உப்பு காய்த்திருக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியம், சூடுபட்டதும் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பாகப் படியும். கம்பி தண்ணீரைச் சூடாக்க நேரம் எடுக்கும், கரண்ட் செலவு ஏறும், ஒரு நாள் எரிந்து போகும். வாடைக்கும் இதற்கும் நேரான தொடர்பு உண்டு. சொரசொரப்பான சுண்ணாம்புப் பரப்பில் அழுக்கும் படலமும் நன்றாக ஒட்டும். காலரில் பார் சோப்பைத் தேய்த்து அப்படியே மெஷினில் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சோப்பு இந்தக் கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாகும். அதுவும் போய்த் தொட்டிச் சுவரில்தான் ஒட்டும். நுரை வரவில்லையே என்று இன்னொரு கை தூள் அள்ளிப் போடுவார்கள். முன்கதவு மெஷினில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபட்டால்தான் அழுக்குப் போகும். நுரை அதிகமானால் துணி மெத்தையில் விழும், அடிபடாது. அலசியும் போகாத தூள் உள்ளேயே தங்கும். அளவுக் கோப்பையை அதற்காகத்தான் கொடுக்கிறார்கள்.

சுண்ணாம்பை எடுக்க மளிகைக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்பே போதும். சிட்ரிக் ஆசிட்தான் அது. 100 கிராம் வாங்கி வெறும் டிரம்மில் போட்டு, துணி இல்லாமல், 60 டிகிரியில் ஒரு முழுச் சுற்று. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசல். போர் தண்ணீர் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் ஹீட்டர் சுத்தமாக இருக்கும். கம்பெனிகள் விற்கிற டெஸ்கேலிங் பவுடரும் நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஃபோனில் வருகிற வீடியோக்களில் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றிப் பொங்க விடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் போட்டிருந்தால் இரண்டும் ஏதாவது வேலை செய்திருக்கும்.

பொங்குவதோடு போனால் பரவாயில்லை. பழங்காநத்தத்தில் ஒரு வீட்டம்மா, மெஷின் வாடை தாங்காமல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அதோடு பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நான் போனபோது அவர் தெருத் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார், கண் ரெண்டும் சிவந்திருந்தது. ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நல்லபடியாகத் திரும்பி வந்தார். சாயங்காலம் மெஷினைத் திறந்து பார்த்தேன். துருப்பிடிக்காத ஸ்டீல் டிரம்மில் அங்கங்கே ஆசிட் அரித்த குழிகள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லாமல் நான் கிளம்பியதில்லை: பிளீச் போடுகிற நாளில் எலுமிச்சை உப்போ வினிகரோ ஆசிட்டோ பக்கத்திலேயே வரக்கூடாது. கேஸ்கெட்டைத் துடைக்கத் தண்ணீரில் கலக்கின பிளீச் கொஞ்சம் போதும், துடைத்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். பாத்ரூம் ஆசிட் மெஷினுக்குள் என்றைக்குமே கூடாது.

வாடையைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஸ்பைடரைக் காட்ட வேண்டும். முன்கதவு மெஷின் டிரம்முக்குப் பின்னால் மூன்று கைகளோடு ஒரு அலுமினிய வார்ப்பு இருக்கும். அதை எங்கள் தொழிலில் ஸ்பைடர் என்போம். டிரம்மின் எடையை எல்லாம் தாங்குவது அது. வெளியிலிருந்து பார்க்க முடியாது, கை எட்டாது. கரையாத சோப்புத் தூளும் படலமும் அதன் மேல் ஈரமாகவே படிந்திருந்தால், காரம் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கே.கே. நகரில் ஒரு மெஷின் பிழியும்போது வீடே அதிர்கிறது என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்ததும் மக்கல் வாடை முகத்தில் அடித்தது. இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது, மணத் திரவம் ஊற்றிச் சமாளிக்கிறோம் என்றார்கள். பிரித்தால் ஸ்பைடரின் ஒரு கை முறிந்து கிடந்தது, மற்ற இரண்டும் மாவாக உதிர்ந்தன. டிரம்மையே மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புது மெஷினே வாங்கலாம். மாதத் தவணையில் வாங்கின குடும்பம். தவணை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு வருடமாக அந்த மெஷின் வாடையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மணத் திரவம் அதன் வாயை அடைத்துவிட்டது. வாசனை போட்டு வாடையை மறைப்பது எனக்கு ஆகாது என்பதற்கு அந்த முறிந்த கைதான் காரணம்.

நன்றாக வைத்துக்கொண்ட வீடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செல்லூரில் இருந்த நர்ஸ் அக்கா வீடு. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஷிஃப்ட் மாற்றி மாற்றி வேலை. அவர் வீட்டு மெஷினில் நான் வருடக்கணக்கில் பார்த்த பழுது ஒரே ஒரு பேரிங் தேய்மானம்தான். துணியை எடுத்ததும் கேஸ்கெட் மடிப்பை ஒரு பழைய பனியன் துணியால் சுற்றித் துடைப்பார். சோப்புத் தட்டை உருவி, கழுவி, வெளியே காய வைப்பார். கதவை நாலு விரல் இடைவெளி விட்டுத் திறந்தே வைப்பார். மெஷினுக்கு உறையே கிடையாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மட்டும், உள்ளே ஏறி விளையாடிவிடக் கூடாதே என்று கதவு முழுக்கத் திறக்காமல் ஒரு கயிற்றால் பிடியைக் கட்டி வைத்திருந்தார். நைட் டூட்டி முடிந்து வரும் காலையிலும் இது நடக்கும். களைப்பாக இருக்காதா அக்கா என்று ஒரு தடவை கேட்டேன்.

"வார்டுல ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுறேன்னு எனக்கே தெரியாது தம்பி. இது அதுல ஒண்ணு. ஈரத்தை மூடி வச்சா என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல."

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, மருத்துவமனை உடுப்பைத் தனியாக, முதலில், வெந்நீரில் துவைத்துவிட்டு, அதன் பிறகே பிள்ளைகளின் துணியைப் போடுவது. எந்தத் துணிக்குப் பின்னால் எந்தத் துணி என்று யோசிக்கிற வீடு மதுரையில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பேரிங் மாற்றின அன்று முழு மெஷினையும் பிரித்தேன். வெளித்தொட்டியின் உட்சுவர் வெள்ளையாக, கையால் தடவினால் வழுக்காமல் இருந்தது. கடையிலிருந்து கூட வந்த பையனைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

என் மகளுக்கு வேலை பெங்களூரில். வாடகை வீடு, வீட்டோடு சேர்ந்து வந்த மெஷின். போன மாதம் ஃபோன் செய்தாள்.

"அப்பா, எலுமிச்சை உப்பு போட்டு ஓட்டிட்டேன், கேஸ்கெட் துடைச்சுட்டேன், ஃபில்டர் கழுவிட்டேன். இன்னும் நாறுது."

"என்னது நாறுதும்மா? ஈரத் துணியா, எண்ணெயா?"

"ரெண்டும் இல்ல. முட்டை கெட்ட மாதிரி."

"எப்ப அடிக்குது? துவைக்கிறப்பவா, சும்மா இருக்கிறப்பவா?"

"சும்மா இருக்கிறப்பத்தான் அதிகம். ஊருக்கு வந்துட்டுத் திரும்பினேன்ல, கதவைத் திறந்தா ஒரே வாடை."

மெஷினை விட்டுவிட்டு, அதன் வடிகுழாய் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னேன். தரையில் இருக்கிற ஜல்லித் தட்டுக்குள் குழாயைச் சொருகியிருந்தார்கள். அந்தத் தட்டுக்கு அடியில் நானி டிராப் என்று ஒரு கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே ஏறாது. அவள் ஊரில் இல்லாத நாட்களில் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கிறது. சாக்கடைக் காற்று வடிகுழாய் வழியாக மெஷினுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீரை அந்தத் தட்டில் ஊற்றி, குழாய் நுனியை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன். மறுநாள் வாடை இல்லை என்று செய்தி அனுப்பினாள். கூடவே, பக்கத்து ஃபிளாட்டிலும் ஒரு மெஷினில் வாடை, ஆனால் அது வேறு மாதிரி, புளிப்பு வாடை என்று எழுதியிருந்தாள். அந்த வீட்டில் யாராவது காட்டன் புடவை கட்டுகிறார்களா என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.